ஒரு சாய்கோட்டின் பாரம்

எங்கள் ஊர்ப் பேச்சில் யாரும் ‘படிவம்’ என்று சொல்வதில்லை. ‘பாரம்’ என்றுதான் சொல்வோம். “பாரத்தப் பூர்த்தி பண்ணியாச்சா?” என்ற கேள்வியைத் தபால் நிலைய வாசலில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆங்கில ஃபார்ம் நம் வாயில் தேய்ந்து பாரமாயிற்றா, இல்லை, நிரப்பிப் பார்த்து நொந்துபோன முன்னோர் பொருள் தெரிந்தே வைத்த பெயரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். போன மாதம் அந்தச் சந்தேகத்தை ஒரு வாஷிங் மெஷின் தீர்த்துவைத்தது.

மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில், வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். பழைய மெஷின் துணி பிழியும்போது போடும் சத்தத்தில், லோரி ஏதோ வீட்டுக்குள் வந்துவிட்டதென்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கடைசி மூச்சை விட்டது. ஞாயிற்றுக்கிழமை தெப்ராவ் நெடுஞ்சாலையில் காடியை எடுப்பவன் ஒன்று சிங்கப்பூர்க்காரனாக இருக்க வேண்டும், அல்லது துவைக்காத துணி மலைபோல் குவிந்தவனாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். நெரிசலில் நீந்திப் போய்ப் புது மெஷின் வாங்கினோம். கடைப் பையன் ரசீதைக் கையில் கொடுத்து, “அங்கிள், 14 நாளுக்குள்ள ஆன்லைன்ல பதிஞ்சிருங்க. இல்லன்னா வாரண்டி கிடையாது” என்றான்.

“அத நான் பாத்துக்கறேன்” என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி முகத்தில் ஒரு நிழல் ஓடும். ஆனால் எனக்கு உள்ளூர ஒரு திமிர் உண்டு. 31 வருஷம் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் கிராணி, அதாவது எழுத்தர், வேலை பார்த்தவன். நடுவில் கார்பன் தாள் வைத்து, மூன்று பிரதி, ஒரே அழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பியவன். எனக்கா ஒரு பாரம் பாரம்?

திரையில் பாரம் விரிந்தது. பெட்டி பெட்டியாக இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

“இது என்னாங்க, நட்சத்திரம் கேக்குதா?” என்றாள் மனைவி, பின்னால் நின்று.

“கட்டாயம் நிரப்பணும்னு அர்த்தம்” என்றேன் அதிகாரத்தோடு. அந்த அதிகாரம் முதல் பெட்டியோடு முடிந்தது. பெட்டிக்குள் ஏற்கெனவே யாருடைய பெயரோ சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தது. முந்தி வந்தவன் அழிக்காமல் போய்விட்டான் போலிருக்கிறது என்று நானே அழிக்கப் பார்த்தேன். அழியவில்லை. அழிப்பான் விசையை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். பிறகுதான் தெரிந்தது: அது வெறும் மாதிரி எழுத்து. நாம் முதல் எழுத்தைத் தட்டியதும் தானே மறைந்துவிடும். மாப்பிள்ளை வந்ததும் எழுந்து இடம் கொடுக்கும் உறவினர் மாதிரி. அந்த மரியாதை தெரியாமல் பத்து நிமிடம் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பெட்டியின் மேல், ‘முழுப் பெயர், ஐசியில் உள்ளபடி’ என்று இருந்தது. இதில் என்ன சூட்சுமம்? ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி அடித்தேன். என் பெயர், பிறகு ஏ, சாய்கோடு, எல், பிறகு அப்பா பெயர். மலேசியத் தமிழனுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: ‘அனாக் லெலாக்கி’, அதாவது மகன், என்பதன் சுருக்கம் ஏ/எல். பெண்களுக்கு ‘அனாக் பெரம்புவான்’, ஏ/பி. பிறப்புப் பத்திரத்தில் ஏறும் இந்தச் சாய்கோடு ஐசி, கடப்பிதழ் என்று கூடவே வரும்.

பெட்டி சிவந்தது. ‘தவறான எழுத்து. எழுத்துகளும் இடைவெளியும் மட்டுமே அனுமதி.’

ஐசியில் உள்ளபடி எழுதச் சொன்னதும் அதுதான். ஐசியில் உள்ளபடி எழுதினால் தப்பு என்றதும் அதுதான். எங்கள் ஸ்டோரில் இருந்த பழைய மேனேஜரைத் திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது.

நான் விடவில்லை. சாய்கோட்டை எடுத்துவிட்டு ஏயையும் எல்லையும் ஒட்டி எழுதிப் பார்த்தேன். பெட்டி சாந்தமாயிற்று. ஆனால் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ‘அல்’ என்று புதிதாக ஓர் அரபிக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். சுருக்கமே வேண்டாமென்று ‘அனாக் லெலாக்கி’ என்று முழுதாக அடித்தேன். அப்பா பெயர் பாதி வந்ததும் பெட்டி நிரம்பிவிட்டது. அதற்கு மேல் ஒரு எழுத்தும் ஏறவில்லை. கடைசியில் தாய்மொழியையே துணைக்கு அழைத்தேன். தமிழில் பெயரை எழுதி, த/பெ போட்டு, அப்பா பெயரை எழுதினேன். இந்த முறை சாய்கோட்டை மட்டுமல்ல, மொத்தத் தமிழையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. தொல்காப்பியம் முதல் இன்றுவரை எழுத்து என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது எதுவும் அந்தப் பெட்டிக்கு எழுத்தே இல்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். சிங்கப்பூரில் கணினி வேலை. ஷட்டல் தெப்ராவ் ரயிலில் ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்து நிமிடம்தான். 2015 ஜூலையிலிருந்து ஓடுகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்கு டிக்கெட் பிடிப்பது ஒரு தனிப் பாரம். என் நிலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இருங்கப்பா, உள்ள என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்” என்று ஏதோ இரண்டு விசையைத் தட்டினாள். பாரம் மறைந்து அதன் குடல் தெரிந்தது. கோண அடைப்புகளும் சாய்கோடுகளுமாக ஒரே காடு.

“இதுதான் எச்.டி.எம்.எல். மார்க்அப் மொழி. அந்தக் காலத்துல அச்சகத்துக்குப் போற கையெழுத்துப் பிரதியில, ‘இது தலைப்பு, இது தடித்த எழுத்து’ன்னு ஓரத்துல குறி போடுவாங்கல்ல? அந்தக் குறியையே கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதறது.”

இந்தக் குலத்தின் மூதாதை 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்ததாம். பெயர் ஜி.எம்.எல். உருவாக்கிய மூவரின் பெயர்கள் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி. அவர்களுடைய முதலெழுத்துகளும் அதே ஜி, எம், எல்! எனக்கு நெஞ்சு விம்மியது. இனிஷியலை முன்னால் போட்டுக்கொள்வது தமிழனுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்திருந்தேன். இவர்கள் ஒரு மொழிக்கே இனிஷியலைப் பெயராக வைத்துவிட்டார்கள். அவர்களை எந்தப் பெட்டியும் சிவந்து பார்க்கவில்லை.

வலைப்பக்கத்தில் பாரம் போடும் வித்தை, எச்.டி.எம்.எல். 2.0 என்ற பெயரில் 1995 நவம்பரில் முறையாகப் பதிவானது. எழுதியவர்கள் டிம் பெர்னர்ஸ்-லீயும் டேன் கானலியும். ஒரு வரி எழுதப் பெட்டி, நிறைய எழுதப் பெரிய பெட்டி, தொங்கும் பட்டியல், டிக் போடும் கட்டம், வட்டப் பொத்தான் என்று ஏழெட்டுச் சாமான்தான். வட்டப் பொத்தானுக்கு ரேடியோ பட்டன் என்று பெயர். பழைய காடி ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் அமுங்கியிருந்த இன்னொன்று துள்ளி வெளியே வருமே, அதிலிருந்து வந்ததாம். இப்படி எனக்குத் தெரிந்த ரேடியோவில் தொடங்கிய சங்கதிதான் எனக்குத் தெரியாத இடத்தில் வந்து நிற்கிறது.

“சரிம்மா. இதுல இவ்வளவு சாய்கோடு இருக்கே, இதெல்லாம் யாரோட மகன்?”

மகள் ஒரு கணம் யோசித்தாள். “ஒரு குறி தொடங்கினா முடியணும்ல? முடியற இடத்துல சாய்கோடு போடுவாங்க. பாரம் தொடங்க ஒரு குறி, முடிக்க அதே குறி சாய்கோட்டோட.”

அதாவது, என் சாய்கோட்டை ஏற்க மறுக்கும் அந்தப் பாரம் தன்னைத் தானே முடித்துக்கொள்வதற்கே ஒரு சாய்கோடு வேண்டும்! அதன் வீட்டுக் கூரையெல்லாம் சாய்கோட்டில் வேய்ந்திருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதற்குத்தான் இத்தனை கெடுபிடி. வலை முகவரியில் வரும் இரட்டைச் சாய்கோடுகூடத் தேவையே இல்லாமல் போட்டதுதான் என்று, அதைப் போட்ட பெர்னர்ஸ்-லீயே 2009-இல் ஒப்புக்கொண்டார். தேவையில்லாத இரண்டு உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது. தேவையான ஒன்று தெப்ராவில் செல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். ஒரு குறிக்குள் இன்னொரு குறி இருந்தால் வெளியே இருப்பது பெற்றோர், உள்ளே இருப்பது பிள்ளை என்றுதான் அந்த மொழியிலும் சொல்வார்களாம். ஆக, தந்தை-மகன் உறவு அங்கேயும் உண்டு, சாய்கோடும் உண்டு. அங்கே அது முடிப்பதற்கு. எங்களிடம் அது சேர்ப்பதற்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

“அப்ப என் பேரத் தள்றது யாரு?”

காட்டினாள். பெயர்ப் பெட்டிக்குரிய குறியில், ஏயிலிருந்து இசட் வரை, ஓர் இடைவெளி, வேறு எதுவும் கூடாது என்று ஒரு சின்ன வாய்பாடு. எச்.டி.எம்.எல். 5 கொடுத்த வசதியாம். அஞ்சல் குறியீடு மாதிரி ஒழுங்கானவற்றைச் சரிபார்க்க அருமையான கருவி. அதை எடுத்து எவனோ மனிதர்கள் பெயரில் மாட்டிவிட்டான். கோண அடைப்பும் மேற்கோள் குறியும் கலந்த எழுத்துகளைப் பெட்டியில் போட்டு வம்பு செய்பவர்கள் உண்டு. அதற்குப் பரிகாரம், வந்த எழுத்தைத் திரையில் காட்டும்போதும் தரவுத்தளத்தில் சேர்க்கும்போதும் பக்குவம் பண்ணிச் சேர்ப்பது. திருடன் வருவானென்று விருந்தாளியை வாசலிலேயே அடித்து விரட்டுவது அல்ல. “சோம்பேறித்தனம்பா” என்றாள், தொழில்காரர் மேல் தொழில்காரருக்கே வரும் கோபத்தோடு.

யோசித்துப் பார்த்தால் நான் தனியாள் இல்லை. சீன நண்பர்கள் சிலருக்கு ஐசியில் இரண்டு பெயர் இருக்கும். நடுவில், மின்னஞ்சலில் வருமே, அந்தச் சுழித்த ஏ. அவர்கள் பெயரும் இந்தப் பெட்டிக்குள் போகாது. டத்தோ பட்டத்தை மலாயில் எழுதினால் கடைசியில் ஒரு சின்னக் கொக்கி தொங்கும். டத்தோவும் போக மாட்டார். சாய்கோட்டுக்காரன், சுழிக்காரர், கொக்கிக்காரர் மூவரையும் ஒரே வரிசையில் வெளியே நிறுத்திய அந்த நிரலாளரைவிட இன ஒற்றுமைக்குப் பாடுபட்டவர் இந்நாட்டில் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

பேட்ரிக் மெக்கென்ஸி என்ற நிரலாளர், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் 40 பொய்களைப் பட்டியல் போட்டு 2010-இல் எழுதினார். எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டென்பது அதில் அடக்கம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற கூட்டமைப்பும், உலகத்துப் பெயர்கள் எப்படியெல்லாம் இருக்கும் என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஈசா பின் ஒஸ்மான் என்ற மலாய்ப் பெயரை எடுத்து, ‘பின்’ என்றால் மகன், ஒஸ்மான் குடும்பப் பெயர் அல்ல என்று பொறுமையாக விளக்குகிறது. எங்கள் பாரத்தை எழுதியவர் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு வழியில்லாமல் அந்த ‘அல்’காரரோடே முதல் பெட்டியைத் தாண்டினால், அடுத்த திரையிலேயே ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம்.

எனக்குக் குடும்பம் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லை. முதலாவதில் என் பெயரையும் இரண்டாவதில் அப்பா பெயரையும் போட்டேன். பெட்டி பச்சையாகச் சிரித்தது.

பிறகு ஐசி எண். 12 இலக்கமும் போட்டேன். அடுத்த பெட்டி பிறந்த தேதி. அடுத்தது பிறந்த மாநிலம். அடுத்தது ஆணா பெண்ணா. மலேசிய ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதிதான். அடுத்த இரண்டு பிறந்த இடம், ஜொகூருக்கு 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்ட பிறகு மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்பது, கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்கிற மாதிரி இருந்தது. அதுவும் பிறந்த வருஷத்துக்குத் தொங்கும் பட்டியல் இந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறது. என் வருஷத்தை எட்ட உருட்டிக்கொண்டே போக வேண்டும். போகிற வழியில் மகள் பிறந்த வருஷம், கல்யாண வருஷம், பள்ளியில் தேறாத வருஷம் எல்லாம் வந்துபோயின.

“இதுக்கெல்லாம் எப்பவோ மருந்து கண்டுபிடிச்சாச்சுப்பா” என்றாள் மகள். 2003 அக்டோபரில் டபிள்யூ3சி, எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற மொழியை வெளியிட்டது. பாரங்களுக்காகவே பிறந்த மொழி. தகவல் ஓரிடம், விதி ஓரிடம், கண்ணுக்குத் தெரியும் பெட்டி ஓரிடம் என்று பிரித்து வைத்தது. ஐசி எண் வந்ததும் பிறந்த தேதியைத் தானே கணக்கிட்டுப் போடு என்று ஒரு வரி எழுதினால் போதும். இன்ன பதில் வந்தால்தான் இன்ன கேள்வியைக் காட்டு என்று இன்னொரு வரி. கிராணி தலையில் இருக்க வேண்டிய அறிவையெல்லாம் பாரத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

“அப்புறம் ஏன் இங்க வரல?”

உலாவி செய்கிறவர்கள் அதைத் தங்கள் உலாவிக்குள் பிறவிக் குணமாகச் சேர்க்கவில்லையாம். 2004 ஜூன் மாதம் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் கூட்டம் போட்டார்கள். பழைய எச்.டி.எம்.எல்.லையே வளர்க்கலாம் என்று ஓப்பெராவும் மொஸில்லாவும் சொன்ன யோசனை ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 8, எதிர்ப்பு 14. தோற்றவர்கள் ஓரிரு நாளில் வெளியே வந்து வாட்-டபிள்யூ-ஜி என்று சொந்தச் சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட்டத்தில் தோற்றதும் மறுநாளே எதிர்ச் சங்கம் பதிவு செய்வது நம்மவர்களுக்கு மட்டும் கைவந்த கலை என்றல்லவா இருந்தேன்! “பெறகு? கோர்ட்டுக்குப் போனாங்களா?” என்று ஆவலாகக் கேட்டேன். போகவில்லையாம். 2014-இல் தாய்ச் சங்கம் எச்.டி.எம்.எல். 5-ஐத் தானும் ஏற்று அறிவித்தது. 2019-இல், அந்த மொழியை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று புதுச் சங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. இந்த இடத்தில் மட்டும் அவர்கள் நம்மிடமிருந்து வேறுபடுகிறார்கள். எக்ஸ்ஃபார்ம்ஸ் செத்துவிடவும் இல்லை. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய ஓப்பன் டேட்டா கிட் என்ற கருவிக்குள் புகுந்து, இணையம் எட்டாத கிராமங்களில் சுகாதார ஊழியர் கைப்பேசியில் குடித்தனம் நடத்துகிறது. தெப்ராவ் வாஷிங் மெஷினுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

எனக்கு அப்போது கோயில் ஞாபகம் வந்தது. ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலையை ஒட்டிய ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் 1922-இல் தொடங்கியது. இன்றைக்குச் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகளில் மின்னுகிறது. அங்கே அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பதும் பாரம்தானே? பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம். நட்சத்திரம் தெரியாதென்றால் முகம் சிவப்பதில்லை. சுவாமி பெயருக்கே போட்டுவிடுகிறார். கோத்திரம் தெரியாதவருக்குச் ‘சிவகோத்திரம்’ தயாராக இருக்கிறது. என் பெயரை அவர் கொஞ்சம் மாற்றித்தான் உச்சரிப்பார். அம்பாள் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

“நாடு எதுன்னு கேக்குது பாருங்க” என்று மனைவி பூமிக்கு இழுத்தாள்.

தொங்கும் பட்டியலில் மலேசியாவைத் தேடிப் பிடித்து வைத்தேன். ‘சமர்ப்பி’ பொத்தான் பக்கத்தின் தலையில் இருந்ததால், எலியின் சக்கரத்தை உருட்டி மேலே போனேன். அழுத்தினேன். ‘நேரம் முடிந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும்.’ சான் ஹோசேவுக்கும் கோயிலுக்கும் போய்வந்ததில் அரை மணி நேரம் ஓடியிருந்தது. மறுபடி எல்லாம் நிரப்பி, யாரையும் பேச விடாமல், உருட்டி, அழுத்தி, ஒருவழியாக ‘நன்றி’ வந்தது. கார்பன் பிரதி இல்லாத நன்றி.

நான்கு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. வாரண்டி பிரிவிலிருந்து ஒரு பெண் குரல், மலாயில், ஐயாவுக்கு ‘என்சிக்’ போட்டு, தேன் தடவிய மரியாதையோடு. “என்சிக் மலாவியில் இருக்கிறீர்களா? ஆப்பிரிக்காவில் எங்களுக்குச் சேவை மையம் இல்லையே.”

பட்டியலில் மலாவிக்கும் மாலத்தீவுக்கும் நடுவில் மலேசியா. நான் பக்கத்தை உருட்டுவதாக நினைத்து உருட்டியதில், இன்னும் கைவிடாத பட்டியல் ஒரு படி நகர்ந்து கண்டம் தாண்டிவிட்டது. தெப்ராவ்தான், ஆப்பிரிக்கா இல்லை என்று நான் உறுதி சொன்னேன். மனைவி பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“சரி. பதிவுப் பெயர் சரிதானா?” என்று கேட்டு, ‘என்சிக்’ போட்டு அந்தப் பெண் சொன்னது என் பெயரை அல்ல. அப்பாவின் பெயரை. குடும்பப் பெயர்ப் பெட்டியில் நான் போட்டது.

அது என் பெயரில்லை, என் அப்பா பெயர், அவர் போய் 18 வருஷம் ஆயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்பா இந்தத் தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்தில்தான் பால்மரம் வெட்டினார். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பார். கிராணி கையில் வருகை குறிக்கும் செக்ரோல் புத்தகம் இருக்கும். அதுதான் அவர் வாழ்ந்த பாரம். அதில் அவருக்கு ஒரு நம்பர். நம்பரைக் கூப்பிடுவார்கள், அப்பா குரல் கொடுப்பார். மங்கு, வாளி, ஒட்டுப்பால், சம்பள நாள் எல்லாம் அந்த நம்பருக்குத்தான். தோட்டம் போய்த் தாமான் வந்தது. நம்பரும் போயிற்று. வாழ்நாள் முழுக்க அவரை ஒருவரும் ‘என்சிக்’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“சரிதான்” என்றேன். “அவரேதான்.”

அடுத்த வாரம் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. அப்பா பெயருக்கு முன்னால் ‘என்சிக்’, நாடு மலேசியா, வாரண்டி இரண்டு வருஷம். மனைவி அதை அச்செடுத்து மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தாள். கடைசிவரை தன் கைலியைத் தானே கல்லில் அடித்துத் துவைத்துக் காயப்போட்ட மனிதர். எங்கள் வீட்டில் இப்போது மாமனார் பெயரைச் சொல்லாமல் யாரும் துணி போடுவதில்லை.